ராம் வாங்கும்போது நான் போடும் கணக்கு

ஏஎம்டி நிறுவனத்தின் ரைசன் 7600 ப்ராசஸர் பொருத்திய புதிய கேமிங் கணினிக்கு ராம் தேடிக்கொண்டிருந்த நண்பர் ஒருவர், டிடிஆர்5 6000 சிஎல்30, டிடிஆர்5 6400 சிஎல்40 ஆகிய இரண்டில் எதை வாங்குவது என்று கேட்டார். டிடிஆர்5 என்பது ராமின் தலைமுறை; 6000, 6400 என்பவை அதன் வேகம்; சிஎல் என்பது தரவு வரும்வரை காத்திருக்கும் கடிகாரச் சுற்றுகளின் எண்ணிக்கை. வேக எண் பெரிது என்பதால் அவர் மனம் இரண்டாவதின் பக்கம் சாய்ந்திருந்தது. முதலாவதையே வாங்கச் சொன்னேன்.

காரணம் ஓர் எளிய கணக்கு. சிஎல் எண்ணை 2000ஆல் பெருக்கி வேக எண்ணால் வகுத்தால், கேட்ட தரவு வரத் தொடங்குவதற்கு ஆகும் காத்திருப்பு நேரம் நானோ விநாடியில் கிடைக்கும். முதலாவதற்கு 10, இரண்டாவதற்கு 12.5. விளையாட்டுகள் நினைவகத்தின் பல மூலைகளிலிருந்து சிறு சிறு துண்டுகளாகத் தரவை எடுப்பதால், அங்கே இந்தக் காத்திருப்புக்கு மதிப்பு அதிகம். மேலும், ரைசன் 7000 வரிசைக்கு 6000தான் பொருத்தமான வேகம் என்று ஏஎம்டியே கூறியிருக்கிறது. அதற்கு மேல் ஏற்றிக்கொண்டே போனால், ஒரு கட்டத்தில் ப்ராசஸருக்குள் இருந்து ராமைக் கையாளும் மெமரி கன்ட்ரோலர் ராமின் பாதி வேகத்துக்கு இறங்கிவிடும். பெரிய கேஷ் (ப்ராசஸருக்குள்ளேயே இருக்கும் அதிவேக நினைவகம்) உள்ள எக்ஸ்3டி வகை ரைசன் ப்ராசஸர் வைத்திருப்பவர்கள் வேகமான ராமுக்காக அதிகம் செலவிட வேண்டாம்; அந்தப் பணத்தைக் கிராபிக்ஸ் கார்டில் சேர்ப்பதே நல்லது.

32 ஜிபி வேண்டுமென்றால் 16 ஜிபி ஸ்டிக்குகள் இரண்டை ஒரே பெட்டியில் வரும் ஜோடியாக வாங்குங்கள். மதர்போர்டில் ராம் பொருத்தும் நான்கு இடங்களையும் நிரப்பினால் டிடிஆர்5 வேகம் வெகுவாகக் குறையும். ரைசன் 7000க்கு அப்போது அதிகாரபூர்வ வேகம் 3600 மட்டுமே. நான்கு இடங்கள் உள்ள மதர்போர்டுகள் பெரும்பாலானவற்றில் ப்ராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது இடங்களில் பொருத்த வேண்டும்.

பிறகு மதர்போர்டின் அமைப்புத் திரையான பயாஸுக்குள் சென்று, ராமை அதன் பெட்டியில் எழுதிய வேகத்தில் ஓடவைக்கும் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போவை இயக்க வேண்டும். என் பழைய கணினியைப் பொருத்திக் கொடுத்த கடையில் இதைச் செய்யவில்லை. 3200க்குப் பணம் கொடுத்த டிடிஆர்4 ராம் இரண்டு ஆண்டுகள் 2133இலேயே ஓடிக்கொண்டிருந்தது. விண்டோஸின் டாஸ்க் மேனேஜரில் அந்த எண்ணைப் பார்த்த அன்று எனக்கு வந்த கோபம் இன்னும் தணியவில்லை.

அதே ராமைத்தான் பின்னர் ஓவர்கிளாக் செய்து, அதாவது குறித்த வேகத்துக்கு மேல் ஓடவைத்து, பழகினேன். 1.35 வோல்ட்டிலேயே 3600 நின்றது. 3733க்கு ஏற்றியபோது விண்டோஸ் ஒழுங்காகத் திறந்தது, விளையாட்டும் மணிக்கணக்கில் ஓடியது. அதனால் எல்லாம் சரி என்று நம்பிவிட்டேன். நான்கு நாள் கழித்து, குடும்பப் படங்களைச் சேர்த்து வைத்திருந்த ஜிப் கோப்பு ஒன்றைத் திறந்தால், பாதியில் பிழை காட்டி நின்றது. அன்றிரவு ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 மென்பொருளை ஓடவிட்டேன். முதல் இரண்டு சுற்றுகளில் ஒன்றுமில்லை. மூன்றாவது சுற்றில் பிழைகள் ஒவ்வொன்றாக ஏறத் தொடங்கின.

ராமில் ஒரு பிட் மாறினால் கணினி உடனே நின்றுவிடும் என்று எண்ண வேண்டாம். மாறிய தரவு சத்தமில்லாமல் வட்டில் எழுதப்பட்டுவிடும். ஆகவே வேகத்தையோ சிஎல் போன்ற டைமிங்கையோ ஒரு படி மாற்றினாலும், இரவு முழுவதும் சோதனையை ஓடவிட்டு, ஒரே ஒரு பிழை வந்தாலும் ஒரு படி இறக்கிவிடுகிறேன். அந்த ராம் இப்போது 3600இல், சிஎல்16இல் இருக்கிறது. கணக்குப் போட்டால் 8.9 நானோ விநாடி. அந்த ஜிப் கோப்பிலிருந்த படங்களில் பாதியைப் பழைய பென் டிரைவிலிருந்து மீட்டேன்.