கேட்டால் சொல்வேன்

“எந்தச் சமயத்துல, ஆன்ட்டி?”

வீடு பார்க்க வந்த பெண் கேட்டது இவ்வளவுதான். அதுவும் என்னிடம் கேட்கவில்லை, வீட்டுக்காரம்மாவிடம் கேட்டார். பதில் சொன்னது புரோக்கரான நான். சொல்லியிருக்க வேண்டுமா, அந்தம்மாவே ஏதாவது சொல்லட்டும் என்று சும்மா நின்றிருக்க வேண்டுமா என்று மனசுக்குள் இன்னும் பஞ்சாயத்து ஓடிக்கொண்டிருக்கிறது.

அதுவரை எல்லாம் நன்றாகத்தான் போனது. சென்னைப் புறநகரில் கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் திறந்த பிறகு முடிச்சூர், மண்ணிவாக்கம் பக்கமெல்லாம் விசாரணை கூடியிருந்த நேரம். வந்த இருவருக்கும் வீடு பிடித்துவிட்டது. கிழக்குப் பார்த்த வாசல், கார் நிறுத்த இடம், போர் தண்ணீரில் உப்பு இல்லை. பட்டா, தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று எல்லாம் பக்கா. கணவர் மாடிப்படியில் நின்றுகொண்டு யாருக்கோ போன் போட்டு, முத்திரைத்தாளுக்கு 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் போக லோன் எவ்வளவு தேவைப்படும் என்று கணக்குப் போட ஆரம்பித்துவிட்டார். ஓனர் வீட்டிலேயே நின்று பார்ட்டி லோன் பேசினால், டோக்கன் அட்வான்ஸ் பாதி கைக்கு வந்த மாதிரி.

அந்தப் பெண் சமையலறையிலிருந்து வெளியே வந்து, “அக்கம்பக்கம் எப்படி ஆன்ட்டி? நாங்க ரெண்டு பேரும் வேலைக்குப் போயிடுவோம், பையன் ஸ்கூல் விட்டு வந்தா...” என்று இழுத்தார்.

அந்தம்மாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. “தங்கமான மனுசங்கம்மா. நீ கண்ணை மூடிட்டு வரலாம். அந்தச் சமயத்துல எதிர் மாடி வீட்டுக்காரங்கதான் எங்க எல்லாரையும் வச்சுப் பார்த்துக்கிட்டாங்க. அவங்க மட்டும் இல்லேன்னா...”

சட்டென்று நிறுத்திக்கொண்டார். அப்போதுதான் அந்தக் கேள்வி வந்தது.

அந்தம்மா என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையைத்தான் எத்தனை தரம் நினைத்துப் பார்த்தாலும் எனக்குப் பிடிபடவில்லை. ‘நீயே சொல்லிடு’ என்றா, ‘ஏதாவது சொல்லிச் சமாளி’ என்றா? நான் முதலாவதாக எடுத்துக்கொண்டேன். “2015 வெள்ளத்துலம்மா. இந்தத் தெருவுல தண்ணி ஏறிச்சு. வீட்டுக்குள்ள இடுப்பளவு இருந்துச்சு” என்றேன்.

உண்மையில் நெஞ்சளவு. உண்மையைச் சொன்னேன் என்று நான் மெச்சிக்கொள்கிற அந்த ஒரே வாக்கியத்திலும் ஓர் அடியைக் குறைத்துத்தான் சொல்லியிருக்கிறேன்.

அப்புறம் என்ன, வழக்கமானதுதான். “கலந்து பேசிட்டுச் சொல்றோம் சார்.” அவர்கள் கார் தெருமுனை திரும்பும்வரை அந்தம்மா எதுவும் பேசவில்லை. பிறகு சொன்னார்: “அவருக்கு உடம்பு முடியாம இருந்த சமயத்துலன்னு சொல்லிட்டுப் போயிருப்பேனே தம்பி. இந்தத் தெருவுல அத்தனை பேரும் வாயைக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கோம். நீங்க எங்க தெருவா?”

கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்கு நாலு வார்த்தை பேசியிருப்பேன். கோபமே இல்லை. கணக்கு கேட்கிற குரலில்தான் கேட்டார். கணவர் போய்விட்டார், கோயம்புத்தூரில் மகள் வீட்டோடு போய் இருக்கப் போகிறார், மகள் வாங்குகிற ஃபிளாட்டுக்கு இந்தப் பணம் போக வேண்டும். தேதி குறித்த மாதிரியான அவசரம்.

என் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. 1882-ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டத்தில் 55-ஆவது பிரிவு இருக்கிறது. சொத்தில் முக்கியமான குறை இருந்து, அது விற்பவருக்குத் தெரிந்து, வாங்குபவர் சாதாரண கவனத்தோடு பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாது என்றால், விற்பவர்தான் அதை எடுத்துச் சொல்ல வேண்டும். வெள்ளம் அப்படிப்பட்ட குறைதானா என்று வக்கீல்கள் மணிக்கணக்கில் வாதாடலாம். ஆனால் எந்தக் காகிதத்திலும் அது வராது என்பது மட்டும் நிச்சயம். முப்பது வருட வில்லங்கம் போட்டுப் பார்த்தாலும் அதில் அடமானம் இருக்கும், செட்டில்மென்ட் இருக்கும், தண்ணீர் இருக்காது. வங்கி வக்கீல் எழுதித் தருகிற லீகல் ஒப்பீனியனிலும் அதற்கு இடம் கிடையாது. அப்படியிருக்க, கேட்டவரிடம் சொல்லாமல் எப்படி விடுவது?

ஆனால் ‘கண்டுபிடிக்க முடியாது’ என்ற இடத்தில்தான் எனக்கு இடிக்கிறது. அந்த வீட்டு ஹாலில் பிளக் பாயிண்ட் எல்லாம் தோள் உயரத்தில் இருக்கும். வெள்ளம் வடிந்ததும் பழைய ஒயரிங்கைப் பிடுங்கிவிட்டு மேலே ஏற்றியது. டிவியின் ஒயர் அங்கிருந்து சுவரோடு கீழே தொங்கும். இன்வெர்ட்டர் மாடிப்படித் திருப்பத்தில், ஆள் உயரத்துக்கு ஒரு கடப்பாக் கல் பதித்து, அதன்மேல் உட்கார்ந்திருக்கும். ஃபிரிட்ஜுக்குக் கீழே செங்கல் கட்டி மேடை. முன்னறையில் புதுப் பெயின்ட், அதற்கு அடியில் சிமென்ட் பூச்சு ஒரு மட்டம்வரை மட்டும் வேறு மாதிரி சொரசொரப்பாக இருக்கும், கையை வைத்தால் தெரியும். இந்தப் பக்கம் வீடு பார்க்கப் போனால் நான் முதலில் பார்ப்பது பிளக் பாயிண்டைத்தான், பத்திரமெல்லாம் அப்புறம். வீடு தானாகவே சொல்லிக்கொண்டுதான் இருந்தது. கண் இருக்கிறவர்கள் பார்த்துக்கொள்ள வேண்டியது, நான் எதற்கு நடுவில்?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எங்கள் ஆட்களிடம் இதற்கென்றே ஒரு பதில் தயாராக இருக்கும். வெளியூர்ப் பார்ட்டி “செம்பரம்பாக்கம் ஏரி திறந்தா இங்க தண்ணி வருமா?” என்றுதான் கேட்பார். “வராது சார்” என்று நெஞ்சைத் தொட்டுச் சொல்லலாம். சத்தியமான பதில். செம்பரம்பாக்கத்து உபரித் தண்ணீர் திருநீர்மலைப் பக்கம்தான் அடையாற்றில் சேர்கிறது. ஆற்றோட்டத்தில் அது எங்களுக்குக் கீழே. முடிச்சூரையும் வரதராஜபுரத்தையும் முக்கியது ஆதனூர், மண்ணிவாக்கம் என்று மேலே இருக்கிற ஏரிகள் நிரம்பி வழிந்து ஆற்றில் விழுந்த தண்ணீர். பார்ட்டி அதைக் கேட்கமாட்டார், நாங்களும் சொல்லமாட்டோம். நானே இந்தப் பதிலைச் சொல்லி வீடு முடித்துக் கொடுத்திருக்கிறேன். அன்றைக்கு அந்தப் பெண் செம்பரம்பாக்கம் என்று கேட்டிருந்தால் நிம்மதியாகப் போயிருக்கும். அவர் கேட்டது அக்கம்பக்கத்தைப் பற்றி.

அக்கம்பக்கம் என்று கேட்டால், அந்தத் தெருவைப் பொறுத்தவரை வெள்ளத்தைச் சொல்லாமல் பதில் சொல்லவே முடியாது என்பது எனக்கு அப்புறம்தான் உறைத்தது. அதுவரை வாசல் கேட்டுக்கு அந்தப் பக்கம் யார் இருக்கிறார்கள் என்றே தெரியாதாம். காலையில் தாம்பரத்துக்கு ரயில் பிடிக்க ஓடுவது, ராத்திரி வந்து கதவைச் சாத்துவது. அந்த டிசம்பரில் தரைத்தளத்து ஜனம் மொத்தமும் மாடி வைத்திருந்த மூன்று நான்கு வீடுகளில் கிடந்தது. யாருக்குச் சர்க்கரை, யாருக்குப் பிரஷர் மாத்திரை, எந்தக் குழந்தைக்கு எந்தப் பால் என்பதெல்லாம் அப்போது தெரிந்துகொண்டதுதான். குடியிருப்போர் சங்கம் ஆரம்பித்தது அதற்குப் பிறகு. இன்றைக்கு யார் வீட்டில் கேஸ் தீர்ந்தாலும் பக்கத்து வீட்டிலிருந்து சிலிண்டர் உருண்டு வரும். அந்தம்மா சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை, தங்கமான மனிதர்கள்தான். அதற்கு அவரிடம் இருந்த ஒரே அத்தாட்சி வெள்ளம். அதை எடுத்துவிட்டுச் சொல்ல அவரிடம் வேறு கதையே இல்லை.

சங்கம் என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்துக்கு மனு கொண்டுபோகும்போது ‘எங்கள் தெரு ஒவ்வொரு மழைக்கும் மூழ்குகிறது’ என்று எழுதுவார்கள், போட்டோவும் இணைப்பார்கள். அதே வாரம் ஞாயிற்றுக்கிழமை யாராவது வீடு பார்க்க வந்தால் “இங்க தண்ணி நிக்கவே நிக்காது சார்” என்பார்கள். நான் இதைக் கிண்டலாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது அவ்வளவு கிண்டல் செய்ய முடியவில்லை. மனு எழுதியதால்தான் ஆற்றை அகலப்படுத்தினார்கள், மூடுகால்வாய் கட்டினார்கள். 2023-இல் மிக்ஜாம் புயலின்போது அந்தத் தெருவில் முட்டியளவு நின்றதே தவிர, அந்தம்மா வீட்டு வாசற்படி தாண்டி உள்ளே வரவில்லை. இதையும் அந்தப் பெண்ணிடம் சொல்லியிருக்கலாமே? எதிர் வீட்டு மாடியைக் காட்டி, அங்கே நடந்ததை எல்லாம் சொல்லியிருக்கலாமே? ‘இடுப்பளவு’ என்று மட்டும் சொல்லிவிட்டு ஏதோ கடமையை முடித்தவன் மாதிரி நின்றேன். அந்தம்மா பாதி சொன்னார், நான் மீதிப் பாதி சொன்னேன். இரண்டையும் சேர்த்துக் கேட்டிருந்தால் அவர்கள் வாங்கியிருப்பார்களா என்றால், மாட்டார்கள் என்றுதான் நினைக்கிறேன். ஆனாலும்.

வீடு பிறகு விற்றது. அந்தம்மா முதலில் சொன்ன விலையைவிட நல்ல குறைச்சலுக்கு. வாங்கியவர் வாஸ்து பார்க்கிறவர், கையோடு திசைகாட்டி கொண்டுவந்திருந்தார். கீழ்த் தொட்டி ஈசானிய மூலையில் இருக்கிறதா, மழைத் தண்ணீர் வடக்குப் பக்கம் வடிகிறதா, கிணறு எந்த மூலை என்று தண்ணீரைப் பற்றி அவ்வளவு கேட்டார். வெள்ளத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. தோள் உயர பிளக் பாயிண்டில் போன் சார்ஜரைச் செருகிவிட்டுத்தான் ரேட் பேசினார். அந்தம்மா அடிக்கொருதரம் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். இந்தத் தடவை அந்தப் பார்வை எனக்கு நன்றாகவே புரிந்தது. நான் எதுவும் சொல்லவில்லை.

கேட்டால் சொல்வேன், கேட்காவிட்டால் சொல்லமாட்டேன் என்பது கொள்கை மாதிரி கேட்கிறது. தொழிலில் பாதிப் பேர் கேட்டாலும் சொல்வதில்லை, அந்த மட்டில் நான் தேவலை. அப்படியே வைத்துக்கொண்டாலும், முதல் பார்ட்டியை உஷார்ப்படுத்தியவன் இரண்டாவது பார்ட்டியிடம் கமிஷன் வாங்கிக்கொண்டேன். முதலாமவர் தப்பித்தது கேள்வி கேட்டதால்கூட இல்லை, அந்தம்மா வாய் தவறியதால். அப்படியானால் அன்றைக்கு என்னைப் பேச வைத்தது என் நேர்மையா, நாலு பேர் முன்னால் முழித்துக்கொண்டு நின்றதா? ‘குறைந்த விலைக்குத்தானே வாங்கினார், வெள்ளத்துக்கும் சேர்த்துக் கழித்த விலைதானே அது’ என்று சில நாள் சொல்லிக்கொள்வேன். அவருக்கு அப்படி ஒரு கழிவு கிடைத்ததே தெரியாதே என்றும் தோன்றும்.

இதற்கப்புறம் ஓனர்களிடம் முன்னாலேயே பேசிவிடுவது என்று வைத்திருக்கிறேன். தண்ணி வந்த வீடு என்றால் பார்ட்டி கேட்காவிட்டாலும் நான் சொல்லிவிடுவேன், சம்மதமானால் சாவியைக் கொடுங்கள். சிலர் சாவியைத் திருப்பி வாங்கிக்கொண்டு வேறு ஆளிடம் கொடுத்துவிட்டார்கள். போகட்டும்.

போன மாதம் அந்தத் தெருச் சங்கத்துச் செயலாளரே போன் செய்தார். மனு எழுதுகிற அதே மனிதர். மகன் மறைமலைநகர் பக்கம் வீடு பார்த்திருக்கிறானாம், இதை விற்க வேண்டுமாம். என் நிபந்தனையைச் சொன்னேன். “தாராளமா சொல்லுங்க சார், மறைக்கிறதுக்கு என்ன இருக்கு” என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, “ஆனா ரேட் பேசி முடிச்சப்புறம் சொல்லுங்களேன். அட்வான்ஸ் குடுக்கறதுக்கு முன்னாடிதானே, அவங்களுக்கு ஒண்ணும் நஷ்டமில்லையே?” என்றார்.

யோசித்துப் பார்த்தால் அவர் சொல்வதில் தப்பு இருக்கிற மாதிரியும் தெரியவில்லை. ஆனால் ரேட் முடிந்து கை குலுக்கிய பிறகு, பிள்ளைகளுக்கு எந்த ரூம் என்று பேசிக்கொண்டிருப்பவர்களிடம் சொன்னால், அது காதில் விழுமே தவிர மனசில் ஏறாது. அது எனக்குத் தெரியும், செயலாளருக்கும் தெரியும். சரி என்று சொல்லி சாவியை வாங்கி வைத்திருக்கிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை ஒரு பார்ட்டி பார்க்க வருகிறார்கள். தண்ணீர் விஷயத்தை ரேட்டுக்கு முன்னால் எடுப்பதா, பின்னால் எடுப்பதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. அக்கம்பக்கம் எப்படி என்று கேட்டால் மட்டும் செயலாளரையே பேசச் சொல்லிவிடப் போகிறேன்.