பெப்பின் ஏரிக்கு ஏழு மைல்

இரவு தூங்கப் போகும் முன் மகளுக்குப் படித்துக் காட்டிய ஒரு புத்தகம்தான் எங்களை அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்துப் பக்கம் இழுத்துக்கொண்டு போனது. லாரா இங்கல்ஸ் வைல்டரின் 'லிட்டில் ஹவுஸ் இன் தி பிக் வுட்ஸ்'. தன் சிறுவயதைக் கதையாக எழுதிய அவருடைய முதல் புத்தகம். 1932-இல் அது வெளிவந்தபோது அவருக்கு 65 வயது. அதில் வரும் வீடு இருந்த இடம் எங்கள் ஊர் மினியாபொலிஸிலிருந்து இரண்டு மணி நேரம்கூட இல்லை என்று தெரிந்ததும், அக்டோபரில் ஒரு சனிக்கிழமை கிளம்பிவிட்டோம்.

ரெட் விங் என்ற ஊரில் மிசிசிப்பி ஆற்றைக் கடந்து 35-ஆம் நெடுஞ்சாலையில் தெற்கே திரும்பினோம். இடது பக்கம் பாறைக் குன்றுகள், வலது பக்கம் ரயில் தண்டவாளம், அதற்கு அப்பால் கண்ணுக்கெட்டிய மட்டும் தண்ணீர். ஆறு என்றே நம்ப முடியாத அகலம். சிப்பேவா ஆறு கொண்டுவந்து கொட்டும் மணலும் சரளையும் கீழே அணைபோல் மறிப்பதால், மிசிசிப்பி இங்கே 22 மைல் நீளத்துக்குத் தேங்கி பெப்பின் ஏரியாகிவிட்டது.

பெப்பின் சின்ன ஊர். சாலையோரப் பூங்காவில் லாராவைப் பற்றிய வரலாற்றுப் பலகை நிற்கிறது. பழுப்பு நிறம், வெளிர் எழுத்துகள். மகள் ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தாள். லாரா பிறந்தது இந்த ஊருக்குள் அல்ல, இங்கிருந்து ஏழு மைல் தள்ளி. சரி, அதையும் பார்த்துவிடுவோம் என்று வண்டியை எடுத்தோம்.

மேட்டில் ஏறியதும் இரண்டு பக்கமும் மக்காச்சோள வயல். அறுவடைக்குக் காத்திருந்த காய்ந்த தட்டைகள் காற்றில் சலசலத்தன. பின் இருக்கையிலிருந்து கேள்வி வந்தது: "காடு எங்கப்பா?"

எனக்கும் அதே கேள்விதான். ஒரு நாள் நடந்தாலும் ஒரு மாதம் நடந்தாலும் மரங்களைத் தவிர வேறொன்றும் இல்லை என்றுதான் அந்தப் புத்தகம் தொடங்குகிறது. லாராவின் அப்பா சார்லஸும் மாமா ஹென்றியும் 1863-இல் இங்கே 160 ஏக்கர் வாங்கினார்கள். அவர்களைப் போல வந்தவர்கள் எல்லோரும் மரத்தை வெட்டித்தான் வீடு கட்டினார்கள், வெட்டிய இடத்தில்தான் விதைத்தார்கள். காடு இல்லாமல் போனதும் அந்தக் குடும்பங்களின் கதைக்குள் அடங்கியதுதான். இதை மகளுக்கு எப்படிச் சொல்வது என்று யோசிப்பதற்குள் வீடு வந்துவிட்டது.

1867 பிப்ரவரி 7 அன்று லாரா பிறந்த வீடு இன்று இல்லை. இருந்த இடத்தில், மரத்தடிகளை அடுக்கி அதே மாதிரி ஒரு வீடு கட்டி வைத்திருக்கிறார்கள். சுற்றிலும் மூன்று ஏக்கர். உள்ளே சாமான் என்று பெரிதாக எதுவும் கிடையாது. கல் அடுப்பு, மேலே பரண், அவ்வளவுதான். மூலையில் தடிகள் ஒன்றின்மேல் ஒன்று கவ்வி உட்காரும் வெட்டில் கை வைத்துப் பார்த்தேன். இடுக்குகளில் பூசியிருந்த பூச்சு சில்லென்று இருந்தது. பனிக்காலம் முழுக்க இந்த அளவு இடத்துக்குள் ஒரு குடும்பம் இருந்திருக்கிறது என்பது, எத்தனை முறை படித்திருந்தாலும், உள்ளே நின்றபோதுதான் உறைத்தது.

லாராவுக்கு இரண்டு வயதிருக்கும்போது, 1869-இல், குடும்பம் கான்சாஸ் போனது. அது ஓசேஜ் என்ற பூர்வகுடி மக்களின் நிலம். 1871-இல் திரும்பி வந்து, 1874-இல் மறுபடி கிளம்பினார்கள். புத்தகத்தில் வரும் நினைவுகள் அந்த இரண்டாவது தங்கலின்போது சேர்ந்தவை. பெப்பின் பக்கத்து நிலமும், அமெரிக்க அரசோடு செய்த 1837 ஒப்பந்தம் வரை, டகோட்டா என்ற பூர்வகுடி மக்களுடையது. பூர்வகுடிகளை லாரா எழுதியிருக்கும் விதத்துக்காக, அவர் பெயரில் இருந்த சிறுவர் இலக்கிய விருதின் பெயரை 2018-இல் மாற்றினார்கள். மாற்றியது சரி என்றே நினைக்கிறேன். அந்தப் புத்தகத்தை மகளுக்குப் படித்துக் காட்டியதும் சரி என்றே நினைக்கிறேன், இதையும் சேர்த்துச் சொல்லும் வரை. படியில் உட்கார்ந்து அவளிடம் சொன்னேன். "அப்போ காட்டுல முன்னாடியே ஆள் இருந்தாங்களா?" என்றாள். இருந்தார்கள் என்றேன்.

திரும்பும்போது அந்த ஏழு மைலையும் மனதுக்குள் எண்ணிக்கொண்டே வந்தேன். காரில் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. புத்தகத்தில் லாரா முதல்முறை ஊரைப் பார்க்க வருவது குதிரை வண்டியில். ஏரிக்கரையில் ஆசை தீரக் கூழாங்கல் பொறுக்கிச் சட்டைப் பையில் நிரப்பிக்கொள்கிறாள். அப்பா வண்டியில் தூக்கி உட்கார வைக்கும்போது கனம் தாங்காமல் பை கிழிந்து விழுகிறது. நல்ல சட்டை வேறு. அழுகை. எங்கள் வீட்டில் மூன்று முறை திரும்பப் படிக்கச் சொன்ன இடம் அது.

கரையில் இறங்கியதுமே மகள் குனிந்துவிட்டாள். தண்ணீர் தொடும் இடத்தில் மட்டும் கற்கள் பளபளத்தன. தேன் நிறம், சாம்பல், ஒன்றிரண்டு சிவப்பு. கையில் எடுத்துக் காய்ந்ததும் நிறம் மங்கிவிடும், மறுபடி நனைப்பாள். வெயில் சாயும் வரை இதே வேலை. ஜாக்கெட்டின் இரண்டு பைகளும் பிதுங்கின.

காரில் அவளைத் தூக்கி உட்கார வைக்கும்போது, பைக்கு அடியில் ஒரு கையைக் கொடுத்துத் தாங்கிக்கொண்டேன்.