லீஸ் வீட்டில் இருக்கும்போது மாற்றல் வந்தால்

மாற்றல் ஆர்டர் ஆனி மாதக் கடைசியில் வந்தது. சேலம் கிளையின் கணக்குப் பிரிவை ஓசூரோடு சேர்க்கிறார்கள். ஆகஸ்ட் முதல் தேதி அங்கே சேர வேண்டும். சம்பளம் கூடுகிறது, வேலையும் எனக்குப் பிடித்த வேலை. ஆனால் அழகாபுரத்தில் நாங்கள் குடியிருந்த அப்பார்ட்மெண்ட் லீஸ் வீடு. மாத வாடகை கிடையாது; மொத்தமாக ஆறு லட்சம் கொடுத்து, காலி செய்யும்போது அதைத் திரும்ப வாங்கிக்கொள்வதாக மூன்று வருடத்துக்கு எழுதியிருந்தோம். பாதிக் காலம்கூட முடியவில்லை.

மாத வாடகை என்றால் இவ்வளவு சிக்கல் கிடையாது. 2017-ஆம் ஆண்டின் வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொண்டால் ஒழிய, மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது. காலி செய்தபின் ஒரு மாதத்துக்குள் பிடித்தம் போக மீதியைத் தந்துவிட வேண்டும். லீஸில் குடும்பத்தின் மொத்தச் சேமிப்பும் ஓனரிடம் போய்விடுகிறது. அவரும் அதைப் பெட்டியில் வைத்திருப்பதில்லை. எங்கள் ஓனர் பெண் கல்யாணத்துக்காக லீஸுக்கு விட்டவர். "தம்பி, எங்கிட்ட இருந்தா இன்னைக்கே எண்ணிக் கொடுத்துருவேன். வேற ஆளு வந்தாத்தான் வழி" என்றார். அவர் ஏமாற்றுகிறார் என்று எனக்கு ஒருநாளும் தோன்றவில்லை. அடுத்து வருபவரின் பணத்தை வாங்கித்தான் முன்னால் இருந்தவருக்குக் கொடுக்கிறார்கள்; ஊரில் பெரும்பாலான லீஸ் அப்படித்தான் ஓடுகிறது.

அடுத்த ஆள் வர வேண்டிய மாதமோ ஆடி. கோட்டை மாரியம்மன் பண்டிகைக்குச் சேலமே திரளும், ஆனால் யாரும் வீடு மாற மாட்டார்கள். புரோக்கர் கூட்டி வந்தவர்கள் பால்கனியைப் பார்த்தார்கள், தண்ணீர் வருகிறதா என்று குழாயைத் திறந்து பார்த்தார்கள், ஆவணி பிறக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

ஆபீஸில் லாரி வாடகையும் முதல் சில நாள் தங்கும் செலவும் தருவதாகச் சொன்னார்கள். வீட்டுப் பணம் சிக்கியிருப்பதற்கு அவர்கள் விதிமுறையில் இடமே இல்லை. ஓசூர் மேனேஜர் மேடம்தான் கை கொடுத்தார். அவரும் மாற்றலில் வந்தவர். "ஆர்டர் தேதியை நான் மாத்த முடியாதுங்க. குடும்பம் அங்கேயே இருக்கட்டும், வீட்டு வேலை முடியிற வரைக்கும் சனிக்கிழமை நீங்க வர வேண்டாம்" என்றார். அந்தச் சனிக்கிழமைகள் இல்லாமல் என்னால் சமாளித்திருக்கவே முடியாது. திங்கட்கிழமை விடியும் முன்பே புதிய பஸ் ஸ்டாண்டில் பஸ் ஏறி, தொப்பூர், தருமபுரி, கிருஷ்ணகிரி தாண்டிப் போய் நேராக சீட்டில் உட்காருவேன். மாதக் கணக்கு முடிக்கும் நேரத்தில் புரோக்கர் போன் வரும். வவுச்சரைப் பாதியில் விட்டுவிட்டு மாடிப்படியில் நின்று பேசுவேன்.

சாவியைக் கொடுத்துவிட்டுப் போ, பணம் பின்னால் வரும் என்று உறவில் சிலர் சொன்னார்கள். நானும் என் மனைவியும் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டும். ஆனால் ஊர் வழக்கம் முத்திரைத்தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குவதோடு சரி. கோர்ட்டுக்குப் போனால் அந்தத் தாளை வைத்து நிபந்தனைகளை நிரூபிப்பது கஷ்டம். அதனால் குடியிருப்பவருக்கு உண்மையான பிடிமானம் சாவி ஒன்றுதான். இதை ஓனரிடமே சொன்னேன். "நியாயந்தான் தம்பி" என்றார்.

ஆவணி பிறந்ததும் ஆள் அமைந்தது. ஓனர் வீட்டு ஹாலில் மூன்று தரப்பும் உட்கார்ந்தோம். புதியவர் வில்லங்கச் சான்றிதழ் எடுத்து வீட்டின் மேல் கடன் இல்லை என்று பார்த்துவிட்டு வந்திருந்தார். அவர் கணக்கிலிருந்து ஓனர் கணக்குக்கு, அங்கிருந்து என் கணக்குக்கு என்று அன்று மதியத்துக்குள் பணம் வந்து சேர்ந்தது. காலத்துக்கு முன்பே காலி செய்வதால் புரோக்கர் கமிஷனும் பெயிண்ட் செலவும் எங்கள் தலையில். அது நியாயமான கணக்கு என்றே நினைக்கிறேன். கரண்ட் பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை என்பதால் நடுவில் ஓடிய யூனிட் யாருடையது என்ற கேள்வி வந்தது. எல்லாரும் கீழே இறங்கிப் போய் மீட்டரைப் பார்த்து போட்டோ எடுத்தோம். தொகையைப் போட்டுப் பார்த்துக் கையில் கொடுத்தேன். பழைய ஒப்பந்தத்தின் பின்பக்கம் 'பணம் பெற்றுக்கொண்டேன், வீட்டை ஒப்படைத்தேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் சாவி கை மாறியது.

மாற்றல் போடும் நிறுவனங்கள் ஆளிடம் முதலில் கேட்க வேண்டியது வாடகை வீடா, லீஸ் வீடா என்பதை. லீஸ் என்றால் சேரும் தேதிக்கு இரண்டு மாதமாவது அவகாசம் வேண்டும். இல்லையென்றால் வட்டியில்லாத கடனாக ஒரு தொகை தந்து, பணம் திரும்பியதும் பிடித்துக்கொள்ளலாம். இதைக் கடிதமாக எழுதி மேடம் மூலம் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பினேன். பதில் இன்னும் வரவில்லை. அடுத்து சேலத்திலிருந்து ஓசூருக்கு வரப்போகும் தம்பிக்கு மட்டும், ஆர்டர் கைக்கு வந்த அன்றே ஓனருக்கு எழுத்தில் தெரிவித்து, நகலில் அவர் கையெழுத்தை வாங்கி வைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.