செக்ரோலும் பட்டாளமும்

மலேசியாவில் சுங்கை சிப்புட் வட்டாரத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் கிராணியாக இருந்தேன். கிராணி வேலை என்றால் பேர் எழுதும் வேலை. விடியலில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்கு நின்று, வந்தவர் வராதவரைக் குறித்து, செக்ரோல் என்ற பேரேட்டில் ஏற்றி, மாதக் கடைசியில் சம்பளக் கணக்கை முடிக்க வேண்டும். ஆனால் எண்பதுகளில் என் மேசைக்கு வந்த வயசாளிகள் பலருக்குச் சம்பளத்தில் ஒரு சிக்கலும் இல்லை. இரண்டாம் உலகப் போரில் மலாயா ஜப்பான்காரன் கையில் இருந்த காலத்தில் இந்தத் தோட்டத்தில் இருந்ததற்கு ஆபீஸிலிருந்து ஒரு கடிதம் வேண்டும், அவ்வளவுதான்.

காரணம் இருந்தது. சுதந்திரப் போராட்டத் தியாகிகளுக்கு இந்திய அரசு 1972-இல் ஓய்வூதியம் தொடங்கியது. இந்திய தேசிய ராணுவத்தில் இருந்தவர்களுக்கும் அதில் இடம் உண்டு. நேதாஜி 1943 ஜூலையில் சிங்கப்பூரில் அதன் பொறுப்பை ஏற்ற பிறகு, மலாயாவில் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்த பையன்கள் கத்தியைப் போட்டுவிட்டுப் படைக்குப் போனார்கள். பெண்களுக்கு ஜான்சி ராணிப் படை. அதில் கேப்டன் லட்சுமியை எல்லாருக்கும் தெரியும். கோலாலம்பூர் ஜானகி ஆதி நாகப்பனுக்கு 2000-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. அவர்களோடு அணிவகுத்த தோட்டத்துப் பெண்களோ சண்டை முடிந்ததும் திரும்பி வந்து பால்வாளியைத் தூக்கினார்கள்.

வெற்றிலைப் பையோடு வந்த ஓர் ஆயா, "நானும் படையில இருந்தேன் தம்பி" என்றார். பெரிய கிராணி நம்பவில்லை. ஆயா வெளியே போய் வெற்றிலையைத் துப்பிவிட்டு, ஆபீஸ் வாசலில் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நின்றார். வாய் ஹிந்துஸ்தானியில் கட்டளை சொன்னது, உடம்பு அதற்குத் திரும்பியது. இடம், வலம், நில், நட. கடைசியில் ஒரு சல்யூட். காரைத் துடைத்துக்கொண்டிருந்த துரையின் டிரைவர் துணியும் கையுமாகப் பார்த்துக்கொண்டு நின்றார். இதற்கு மேல் என்ன சான்று? ஆனால் மனுவுக்குத் தேவைப்பட்டது சிறையில் இருந்ததற்கான தாள், இல்லாவிட்டால் உடன் இருந்தவர்களின் சான்று. அவர்கள் எந்தத் தோட்டத்தில், எந்த லயத்தில் என்று யார் கண்டது? ஐ.சி.யில், அதாவது அடையாள அட்டையில், இருந்த வயதும் காலை வாரியது. கம்யூனிஸ்டுகளை ஒடுக்க வெள்ளைக்காரன் அவசரகாலம் தொடங்கிய 1948-இல் அடையாள அட்டை வந்தபோது, பிறப்புப் பத்திரம் இல்லாதவர்களுக்கு ஆளைப் பார்த்து ஒரு வருடத்தைப் போட்டிருக்கிறார்கள். அதன்படி ஆயா ஒன்பது வயதில் துப்பாக்கி பிடித்திருக்க வேண்டும். கடிதம் எழுதிக் கொடுத்தேன். பணம் வந்ததாகக் கேள்விப்படவில்லை.

மலேசிய ராணுவத்தில் இருந்தவர்களிடம் தாள் இருக்கும். ஆனால் சாதாரணச் சிப்பாய்க்கு 21 வருடச் சேவை இருந்தால்தான் ஓய்வூதியம். கம்யூனிஸ்டுகளோடு 1989 டிசம்பரில் ஹட்யாயில் ஒப்பந்தம் ஆகும்வரை தாய்லாந்து எல்லைக் காட்டில் அலைந்தவர்களில், பத்துப் பன்னிரண்டு வருடத்தில் வெளியே வந்தவர்கள் நிறைய. ஜூலை 31 வீரர் தினத்தன்று பதக்கம் மின்ன நிற்பார்கள். மறுநாள் காலை பள்ளிக்கூட வாசலில் ஜாகா வேலை, காவல்காரன் வேலை.

இவர்களுக்காவது போன இடம் தெரியும், வந்த கதை உண்டு. ஜப்பான்காரன் காலத்தில் சயாம், அதாவது தாய்லாந்து, ரயில் பாதை போடப் போனவர்களைத் தேடி வந்த குடும்பங்களுக்கு நான் காட்ட எதுவுமே இல்லை. பர்மா வரை 415 கிலோமீட்டர் பாதையை 1942-இலும் 1943-இலும் ஜப்பானியர் போட்டார்கள். அதில் செத்த நேசநாட்டுக் கைதிகள் சுமார் 12,000. மலாயாவிலிருந்தும் பர்மாவிலிருந்தும் போன கூலிகளில் செத்தவர்கள் அதைவிடப் பல மடங்கு. காலராவில் முகாம் முகாமாகப் போனார்கள். ஆனால் தாய்லாந்தின் காஞ்சனாபுரியில் பேர் பொறித்து வரிசையாக நிற்கும் கல்லறைகள், ஏறக்குறைய 7,000, கைதிகளுடையவை. இதில் மாயம் ஒன்றுமில்லை. கைதிகளோடு அதிகாரிகள் இருந்தார்கள். செத்தவன் பேரையும் புதைத்த இடத்தையும் ஒளித்து எழுதி வைத்தார்கள். சண்டை முடிந்ததும் ஆள் போய்த் தேடி எடுத்தது. நம்மவர்களுக்குப் பெரும்பாலும் கைநாட்டு. எழுதி வைக்க யாரும் கூடப் போகவில்லை. எங்கள் ஆபீஸிலும் அந்தக் காலத்து செக்ரோல் ஒன்றுகூட மிஞ்சவில்லை. 2023-இல் நம் ஆட்கள் முயன்று காஞ்சனாபுரியில் ஒரு நடுகல் வைத்தார்கள், எல்லாருக்கும் சேர்த்து ஒன்று.

எழுதி வைத்தால் என்ன ஆகும் என்பதற்குத் தூரம் போக வேண்டாம். 1948 ஜூன் 16-இல் எங்கள் சுங்கை சிப்புட்டில் மூன்று வெள்ளைக்காரத் துரைமார்களைக் கம்யூனிஸ்டுகள் சுட்டுக் கொன்றார்கள், அவசரகாலம் வந்தது. அந்தத் துரைமார்கள் பத்து காஜா ஊர்க் கல்லறையில் பேரோடு கிடக்கிறார்கள். ஜூன் மாதத்தில் அங்கே மலர்வளையம் வைத்து அஞ்சலி நடக்கும். அதில் எனக்குப் பொறாமை இல்லை. முறை அதுதான்.

இப்போது ஊரில் நாலைந்து பேர் சேர்ந்து ஒரு பெயர்ப்பலகை வைக்கப் பார்க்கிறோம். கிராணி என்பதால் பட்டியல் என் தலையில். முதல் கூட்டத்திலேயே வாக்குவாதம். ரயிலுக்குப் போனவர்களையும் 'வீரர்கள்' என்று போடலாம் என்றார் ஒருவர். பட்டாளத்தில் இருந்து வந்த அண்ணன் எழுந்துவிட்டார். "சண்டை போட்டவன் வேற, புடிச்சிக்கிட்டுப் போனவன் வேறங்க. அவன் எதுக்குச் செத்தான்னு மறைக்காதீங்க."

சிலருக்கு அது இரக்கமில்லாத பேச்சாகப் பட்டது. நான் அண்ணன் பக்கம்தான். பிடித்துக்கொண்டு போய்ப் பட்டினி போட்டுக் கொன்றவனைப் பற்றிப் பேசாமல் செத்தவனுக்கு வீரன் பட்டம் கொடுத்தால், கணக்கு அங்கேயே நேராகிவிடுகிறது. ஜான்சி ராணிப் படை ஆயாவைச் சிப்பாய் என்று எழுத வேண்டும், அவர் சிப்பாய். ரயிலில் செத்தவரைக் கட்டாயக் கூலி என்று எழுத வேண்டும். இரண்டும் ஒரே பலகையில், ஒரே அளவு எழுத்தில் வரட்டும் என்றேன். ஒத்துக்கொண்டார்கள், முழு மனதோடு என்று சொல்ல முடியாது.

ரயில் வரிசையில் பேர் தெரியாதவர்களுக்கு 'இன்னாருடைய அப்பா', 'இன்னாருடைய தம்பி' என்று போடுவதாக முடிவு. வீடு வீடாகக் கேட்டு வருகிறேன். தோட்டத்து வீடுகளை இடித்த பிறகு பாதிப் பேர் ஈப்போ, கிள்ளான் என்று போய்விட்டதால், போனில்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது.