மாலேக்கு ஒரு கன்டெய்னர் காய்கறி

மாலத்தீவின் தலைநகர் மாலேயிலிருந்து வரும் ஆர்டர் தாளைப் பார்த்தால், துபாய்க்கு முழுக் கன்டெய்னர் வெங்காயம் அனுப்பிப் பழகியவர்கள் சிரித்துவிடுவார்கள். உருளைக்கிழங்கு 5 டன், கேரட் 1 டன், முருங்கைக்காய் 300 கிலோ, கறிவேப்பிலை 40 கிலோ, தேங்காய், பச்சை மிளகாய், எலுமிச்சை, இஞ்சி, பூசணி என்று கல்யாணச் சமையல்காரர் எழுதிக்கொடுக்கும் பட்டியல் போல அது நீளும். காரணம் எளிது. 2022 கணக்கெடுப்பின்படி மாலத்தீவின் மக்கள்தொகை சுமார் 5.15 லட்சம். எங்கள் தூத்துக்குடி மாவட்டத்தில் வாழ்பவர்களில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. அந்தக் கூட்டமும் நூற்றெண்பதுக்கும் மேற்பட்ட தீவுகளில் சிதறிக் கிடக்கிறது. பவழ மணலில் என்ன பெரிதாக விளையும்? அரிசியிலிருந்து கறிவேப்பிலை வரை எல்லாம் கடல் தாண்டித்தான் வர வேண்டும். எதுவும் நிறைய வேண்டாம், ஆனால் எல்லாமே வேண்டும்.

தூத்துக்குடியில் காய்கறி மொத்த வியாபாரம் செய்யும் எனக்கு இந்த வழி புதிதல்ல. பழைய துறைமுகத்திலிருந்து மாலேக்குத் தோணிகள் போவதைச் சிறுவயது முதல் பார்த்திருக்கிறேன். காய்கறி, பலசரக்கு, கட்டுமானப் பொருள் என்று ஏற்றிக்கொண்டு கிளம்பும். தென்மேற்குப் பருவக்காற்று வலுக்கும் மாதங்களில் ஓட்டம் நின்றுவிடும். தோணியில் அனுப்புவது வாடகைக்குச் சிக்கனம். வெங்காயம், தேங்காய், பூசணி தாங்கும். கீரையும் முருங்கையும் தாங்காது. தோணியை நடத்தும் தண்டலிடம் கேட்டால், "வெயிலுக்கு நான் என்ன செய்வேன் அண்ணாச்சி?" என்பார். நியாயம்தான். அதனால் ரீஃபர் எனப்படும் குளிரூட்டிய கன்டெய்னரில் அனுப்புவது என்று 2023 கடைசியில் முடிவெடுத்தேன்.

பதிவுகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஏற்றுமதி இறக்குமதிக் குறியீட்டு எண்ணை வெளிநாட்டு வர்த்தக இயக்ககத்தின் (டிஜிஎஃப்டி) இணையதளத்தில் 500 ரூபாய் கட்டி வீட்டிலிருந்தே வாங்கிவிடலாம். வேளாண் பொருள் ஏற்றுமதி வாரியமான அபெடாவில் பதிவு, ஜிஎஸ்டியில் ஏற்றுமதிக்கான உறுதிமொழிப் பத்திரம், அந்நியச் செலாவணி வாங்கும் வங்கிக் கிளையின் எண்ணான ஏடி கோடைச் சுங்கத்துறையில் பதிவது ஆகியவற்றை ஒரு நல்ல கிளியரிங் ஏஜென்ட் முடித்துத் தருவார். பலர் இங்கேயே மலைத்துப்போய் நின்றுவிடுகிறார்கள். தேவையில்லாத பயம்.

உண்மையான வேலை தாவர நோய்த்தடுப்புச் சான்றிதழில் இருக்கிறது. ஒரே பொருளை அனுப்புகிறவருக்கு அது ஒரு வரி. எனக்கோ ஒவ்வொரு காய்க்கும் தாவரவியல் பெயர், எடை, மூட்டை எண்ணிக்கை, சுங்கக் குறியீட்டு எண் எல்லாம் தனித்தனி. இன்வாய்ஸ், பேக்கிங் பட்டியல், சுங்கத்துறைக்குத் தரும் ஷிப்பிங் பில், சான்றிதழ் ஆகிய நான்கிலும் அவை அச்சுப் பிசகாமல் ஒத்துப்போக வேண்டும். ஒட்டன்சத்திரத்திலிருந்து வரவேண்டிய முருங்கை விடியற்காலையில் 300 கிலோவுக்குப் பதில் 260 கிலோதான் வந்தது என்றால், நான்கு காகிதங்களையும் திருத்தியாக வேண்டும். சரக்கை அடுக்கும் பேலட் மரச்சட்டத்தில் ஐஎஸ்பிஎம் 15 முத்திரை இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். மரத்தின் உட்பகுதி 56 டிகிரியில் அரை மணி நேரம் சூடேற்றப்பட்டது என்பதற்கான அடையாளம் அது. காய் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் முத்திரையில்லாத மரக்கட்டை சரக்கையே நிறுத்திவிடும்.

அடுத்தது குளிர்நிலை. கேரட்டுக்குப் பூஜ்யத்தை ஒட்டிய குளிர் பிடிக்கும். வாழைக்காய் 13 டிகிரிக்குக் கீழே போனால் தோல் கறுத்துவிடும். வெங்காயத்துக்கு ஈரம் ஆகாது, கறிவேப்பிலைக்கு ஈரம் இல்லாமல் ஆகாது. பழுக்கத் தொடங்கிய வாழை விடும் எத்திலீன் வாயு பக்கத்திலிருக்கும் கீரையை மஞ்சளாக்கிவிடும். எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் வைத்து ஒரே அளவில் குளிரூட்டுவது என்றால் யாருக்கும் முழுத் திருப்தி இல்லாத ஒரு சமரசம்தான். நான் வாழையை விட்டுவிட்டேன். ஏரல் பக்கத்து வாழைக்காய்க்கு மாலேயில் நல்ல விலை கிடைக்கும் என்று தெரிந்தும் விட்டுவிட்டேன்.

இனி வெங்காயக் கதை. 2023 ஆகஸ்டில் மத்திய அரசு வெங்காயத்துக்கு 40 சதவீத ஏற்றுமதி வரி போட்டது. டிசம்பர் 8 அன்று ஏற்றுமதியையே தடை செய்தது. உள்ளூர் விலையை அடக்க எடுத்த நடவடிக்கை அது. நாசிக் விவசாயி கொதித்ததும் டெல்லி இல்லத்தரசி மூச்சு விட்டதும் செய்தியாயின. மாலேயில் என்ன நடந்தது என்று இங்கே யாரும் கேட்கவில்லை. அங்கே என்னிடம் பொருள் எடுக்கும் நிறுவனத்தின் கொள்முதல் அலுவலர் திருநெல்வேலிக்காரர். ரமலான் நெருங்கிக்கொண்டிருந்தது. தினமும் தொலைபேசியில் ஒரே கேள்விதான்: "அண்ணாச்சி, வெங்காயம் வருமா வராதா, அதை மட்டும் சொல்லுங்கள்."

வரும் என்பதுதான் பதில், அதுவும் ஒரு பழைய காகிதத்தின் புண்ணியத்தால். இந்தியாவும் மாலத்தீவும் 1981இல் ஒரு வர்த்தக ஒப்பந்தம் செய்துகொண்டன. அதன்படி அத்தியாவசியப் பொருட்களுக்கு ஆண்டுதோறும் ஒதுக்கீடு அறிவிக்கப்படுகிறது. இந்தியா உலகத்துக்கே கதவை மூடினாலும் அந்த அளவு வரை மாலத்தீவுக்குப் போகலாம். 2024 ஏப்ரலில் வெளியான அறிவிக்கையில் வெங்காயம் 35,749 டன், உருளைக்கிழங்கு 21,513 டன், அரிசி 1,24,218 டன், கோதுமை மாவு 1,09,162 டன், சர்க்கரை 64,494 டன், முட்டை 42.75 கோடி என்று இருந்தது. ஒப்பந்தம் ஏற்பட்ட காலத்திலிருந்து அன்றுவரை அதுவே மிக உயர்ந்த அளவு. தூத்துக்குடி உள்ளிட்ட சில இடங்கள் வழியாக மட்டுமே இந்தப் பொருட்களை அனுப்பலாம் என்ற நிபந்தனையும் அதே மாதத்தில் வந்தது. எங்கள் ஊருக்கு அது நல்லதாகவே முடிந்தது.

இந்த எண்களைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். இந்தியாவில் 2023-24இல் விளைந்த வெங்காயம் சுமார் 240 லட்சம் டன். அதில் மாலத்தீவு ஒதுக்கீடு ஆயிரத்தில் ஒன்றரைப் பங்கு. இந்தியச் சந்தையில் அதனால் கிலோவுக்கு ஒரு பைசா ஏறாது, இறங்காது. அங்கேயோ ஒரு நாட்டின் அடுப்படியே அதை நம்பி இருக்கிறது. முட்டைக் கணக்கை மக்கள்தொகையால் வகுத்தால் ஆளுக்கு ஆண்டுக்கு எண்ணூற்றுச் சொச்சம் வருகிறது. அவ்வளவையும் மாலத்தீவுக்காரர் மட்டுமே சாப்பிடுகிறார் என்று நினைத்துவிட வேண்டாம். ஒதுக்கீடு என்பது உச்சவரம்பு. தவிர, 2024இல் அங்கே போன சுற்றுலாப் பயணிகள் 20 லட்சத்துக்கும் மேல். ஓட்டல் காலை உணவில் ஆம்லெட் இல்லாமல் முடியுமா?

அந்த நாட்களில் இரு நாட்டு உறவும் சுமுகமாக இல்லை. 2024 ஜனவரியில் சமூக ஊடகங்களில் பெரும் சண்டை நடந்தது. இந்தியப் படையினர் மே 10க்குள் வெளியேற வேண்டும் என்று அதிபர் முய்சு கெடு வைத்திருந்தார். 'ஏற்றுமதியை நிறுத்திவிடுவார்களா' என்று கேட்டவர்கள் உண்டு. நின்றிருந்தால் என் வியாபாரமும் போயிருக்கும். அந்த நேரத்தில்தான் ஒதுக்கீடு கூடியது. பத்திரிகைகள் அதை ராஜதந்திரம் என்று எழுதின. அது இல்லையென்றால் மாலேயில் எந்த வியாபாரியும் என்னோடு மூன்று மாத விலை பேசியிருக்கமாட்டார் என்பதுதான் எனக்குத் தெரிந்த ராஜதந்திரம்.

ஆனாலும் என் முதல் கன்டெய்னரில் வெங்காயத்தைச் சேர்க்கவில்லை. ஒதுக்கீட்டு வழியில் பழகிய பழைய கைகள் அதைப் பார்த்துக்கொண்டன. மற்ற காய்களை மட்டும் அனுப்பினேன். தடை மே 4 அன்று நீங்கி, டன்னுக்குக் குறைந்தபட்சம் 550 டாலர் விலை என்ற நிபந்தனை வந்த பிறகுதான் வெங்காயப் பக்கம் போனேன்.

கப்பல் விஷயத்தில் கையைப் பிசைய நேர்ந்தது. 2020 செப்டம்பரில் தூத்துக்குடியிலிருந்து கொச்சி, வட மாலத்தீவின் குல்ஹுதுஃபுஷி வழியாக மாலேக்கு நேரடிச் சரக்குக் கப்பல் தொடங்கியபோது ஊரே மகிழ்ந்தது. 200 கன்டெய்னர்களும் 3,000 டன் உதிரிச் சரக்கும் கொள்ளும் கப்பல். என் காலத்தில் என் சரக்குக்கு அப்படி நேர்வழி அமையவில்லை. கொழும்பில் இறக்கி வேறு கப்பலில் ஏற்றினார்கள். செங்கடல் நெருக்கடியால் 2024 நடுப்பகுதியில் கொழும்புத் துறைமுகம் நெரிந்து கிடந்தது. பெட்டி அங்கே காத்துக் கிடக்க, கப்பல் நிறுவனத்தின் முகவர் "அடுத்த கப்பல் உறுதி" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அந்த உறுதியை நம்பி மாலேக்காரர் ஓட்டல்களுக்கு வாக்குக் கொடுத்துவிட்டார். கேரட் பிழைத்தது. கறிவேப்பிலை பிழைக்கவில்லை. அதற்குப் பிறகு இலை வகைகளை விமானச் சரக்குக்கு மாற்றச் சொல்லிவிட்டேன்.

வாடகைதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. எழுநூறு கிலோமீட்டரைச் சற்றே தாண்டும் தூரத்துக்கு ஏன் இவ்வளவு கேட்கிறார்கள்? பெட்டி திரும்பி வரும்போது காலி. போகும் சரக்கே திரும்பும் செலவையும் சுமக்கிறது. இரு நாட்டுச் சரக்கு வர்த்தகம் 2022இல் 50 கோடி டாலரைத் தாண்டியது என்று பெருமையாகச் சொல்வார்கள். அதில் பெரும்பங்கு இங்கிருந்து அங்கே போனது. அங்கிருந்து இங்கே வருவதில் முக்கியமானது பழைய இரும்பு. மாலத்தீவின் பெரிய ஏற்றுமதியான சூரை மீன் தாய்லாந்துக்கும் ஐரோப்பாவுக்கும் போய்விடுகிறது. தெற்காசியத் தடையற்ற வர்த்தக ஒப்பந்தமான சாஃப்டா, 2011இல் பின்தங்கிய நாடுகள் பட்டியலிலிருந்து வெளியேறிய பிறகும் மாலத்தீவுக்கு அந்தப் பட்டியலின் சலுகையைத் தொடர்ந்து தருகிறது. சலுகை இருக்கிறது, அனுப்பச் சரக்குதான் இல்லை.

பணம் வருவதிலும் இதே கதைதான். மாலத்தீவு ரூபியாவின் அதிகாரபூர்வ மதிப்பு டாலருக்கு 15.42. அந்த விலைக்கு வங்கியில் டாலர் கிடைத்தால் அது அதிர்ஷ்டம். 2024இல் வெளிச்சந்தையில் 17, 18 என்று போனது. நாட்டுக்குள் டாலர் கொண்டுவருவது பெரும்பாலும் சுற்றுலாதான். காய்கறி விற்பவருக்கு வருவதோ ரூபியா. முன்பணம் 30 சதவீதம் ஒழுங்காக வந்தது. மீதிக்குக் காத்திருந்தேன். வெள்ளி, சனி அங்கே விடுமுறை, ஞாயிறு இங்கே வங்கி இல்லை; வாரத்தில் பேச முடிகிற நாட்களே குறைவு. பிறகு ஒருநாள் பணம் வந்தது, ஆனால் எனக்குத் தெரியாத ஒரு நிறுவனத்தின் பெயரில்.

என் வாடிக்கையாளர், ஓட்டல்களோடு கணக்கு வைத்திருக்கும், டாலர் கையிலிருக்கும் நண்பரின் நிறுவனம் வழியாக அனுப்பியிருக்கிறார். வங்கி பணத்தை என் கணக்கில் வைக்காமல் கேள்வி கேட்டது. கேட்டது சரிதான். மூன்றாம் நபர் பணம் செலுத்துவதை ரிசர்வ் வங்கி அனுமதிக்கிறது. ஆனால் அந்த ஏற்பாடு ஆவணங்களில் முன்கூட்டியே இருக்க வேண்டும். மாலேயிலிருந்து கடிதம், ஒப்பந்த நகல், அந்த நிறுவனத்தின் பதிவுச் சான்று எல்லாம் வாங்கிக் கொடுத்த பிறகு பணம் இறங்கியது. இப்போது ஆர்டரிலேயே பணம் செலுத்தப்போகிறவரின் பெயரைக் கேட்டு வாங்கி, இன்வாய்ஸிலும் ஷிப்பிங் பில்லிலும் எழுதிவிடுகிறேன். வாங்கியவர் பணம் தராவிட்டால் ஈடுகட்டும் ஈசிஜிசி காப்பீடும் எடுத்திருக்கிறேன். மாலேக்கு அனுப்ப நினைப்பவர்கள் குளிர்நிலையைப் பற்றிக் கேட்பதற்கு முன் இதைக் கேட்க வேண்டும்.

2024 அக்டோபரில் இந்தியா மாலத்தீவுக்கு 40 கோடி டாலரும் 3,000 கோடி ரூபாயும் வரை நாணயப் பரிமாற்ற ஏற்பாட்டில் தர ஒப்புக்கொண்டது. அதன் பிறகு எனக்குப் பணம் சற்று விரைவாக வந்தது. அதனால்தான் வந்தது என்று சத்தியம் செய்யமாட்டேன். சுற்றுலா சீசனும் அப்போதுதான் தொடங்கியிருந்தது. நவம்பரில் உள்நாட்டு நாணயங்களிலேயே வர்த்தகம் செய்ய இரு மைய வங்கிகளும் புரிந்துணர்வில் கையெழுத்திட்டன. நல்ல யோசனை. ஆனால் மாலேயில் காய்கறி விற்பவர் எனக்குத் தர ரூபாயை எங்கே போய்ச் சம்பாதிப்பார்? இந்தியாவுக்கு எதையாவது விற்றால்தானே அங்கே ரூபாய் சேரும்.

2025 ஜூலையில் தடையற்ற வர்த்தக ஒப்பந்தப் பேச்சுக்கான வரையறைகளில் இரு நாடுகளும் கையெழுத்திட்டன. சீனாவுடன் மாலத்தீவு செய்துகொண்ட அத்தகைய ஒப்பந்தம் அந்த ஆண்டு ஜனவரியிலேயே நடைமுறைக்கு வந்துவிட்டது. என்னைப் போன்றவர்களுக்கு இறக்குமதி வரி ஒருபோதும் பெரிய தடையாக இருந்ததில்லை. காலிப் பெட்டிதான் தடை. திரும்பும் பெட்டியை நிரப்ப மாலத்தீவின் மாசி, அதாவது உலர்த்திய சூரை, உதவலாம். எங்கள் பக்கத்துச் சமையலுக்கு அது அந்நியமில்லை; காயல்பட்டினத்தில் அதற்கு எப்போதும் ஆள் உண்டு. ரீஃபர் பெட்டியின் குளிரூட்டலை அணைத்துவிட்டால் உலர் சரக்கை அதில் தாராளமாக ஏற்றலாம். கப்பல் நிறுவனங்களும் குறைந்த வாடகைக்குத் தருகின்றன. உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் (எஃப்எஸ்எஸ்ஏஐ) இறக்குமதி உரிமத்துக்கும் மீன்பொருளுக்கான சுகாதார அனுமதிக்கும் விண்ணப்பித்திருக்கிறேன். மாலேக்காரர் விலை சொல்லியிருக்கிறார். கொஞ்சம் அதிகமாகத்தான் சொல்கிறார், பேசிக்கொண்டிருக்கிறோம்.