மணிச் சத்தம் திரும்பி வந்தது: வில்லுப்பாட்டு கேசட், ஐந்தாம் வாரம்

போன சனிக்கிழமை இரவு வில்லின் மணிகள் கேட்டன. ஐந்து வாரமாக இந்தக் கேசட்டை டிஜிட்டலாக்க மல்லுக்கட்டுகிறேன். அதுவரை குடமும், தலைமைப் பாடகரான அண்ணாவியின் குரலும் மட்டும், அதுவும் கம்பளிக்குள்ளிருந்து வருவதுபோல, கிடைத்துக்கொண்டிருந்தன. டெக்கில் நாடாவை வாசிக்கும் ஹெட்டைச் சாய்க்கும் ஸ்குரூவைக் கால் சுற்றுக்கும் குறைவாகத் திருப்பினேன். வில்லை அடிக்கும் வீசுகோல் நாணில் விழும் ஒவ்வொரு அடிக்கும் வெண்கல மணிகள் சிலிர்த்துக்கொண்டு எழுந்தன. எழுந்து உட்கார்ந்துவிட்டேன்.

கேசட், 1987இல் திருநெல்வேலிப் பக்கத்துக் கோவில் கொடைவிழா ஒன்றில் என் தாய்மாமா பதிவு செய்தது. சி-90, அதாவது தொண்ணூறு நிமிட நாடா, முத்துப்பட்டன் கதை. கதையின் சொற்கள் அழியவில்லை. நா. வானமாமலை பதிப்பித்து 1971இலேயே மதுரைப் பல்கலைக்கழகம் வெளியிட்டுவிட்டது. ஆனால் அண்ணாவி ஓர் அடியைப் பாதியில் விட, இடப்பக்கம் இருப்பவர் கடைசிச் சொல்லை அப்படியே வாங்கிக்கொண்டு போகிறாரே, அந்தக் கைமாற்றம் அச்சில் வராது. முத்துப்பட்டனின் மனைவியர் பொம்மக்காவும் திம்மக்காவும் அவன் இறந்த சேதி கேட்கும் இடத்தில் தாளம் நின்று, உடுக்கை மட்டும் தனியாக முனகுகிறது. அதுவும் வராது. எனக்கு வேண்டியது அதுதான்.

சில ஆண்டுகளுக்கு முன் மாமா இதை ஒரு கடையில் கொடுத்து எம்பி3 ஆக மாற்றி வாங்கினார். 'இரைச்சலைச் சுத்தமாக எடுத்துவிட்டோம்' என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். இரைச்சலோடு மணியையும் ஜால்ராவையும் எடுத்துவிட்டார்கள்! நாடாவின் 'ஸ்ஸ்' சத்தமும் மணியின் மினுமினுப்பும் உச்சத்தில், அதாவது அதிர்வெண் மிகுந்த அதே வரிசையில்தான் குடியிருக்கின்றன. ஒன்றைக் கண்மூடித்தனமாக வெட்டினால் மற்றதும் போகும். நாட்டார் இசைக் கேசட் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து இரைச்சலைத் தொட விடாதீர்கள். அது இருந்துவிட்டுப் போகட்டும்.

இனி அஸிமத், அதாவது ஹெட் நிற்கும் கோணம். ஹெட்டின் இடைவெளி நாடா ஓடும் திசைக்குச் சரியான செங்குத்தில் நிற்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். எனக்கு உறைக்காமல் இருந்தது அளவு. கேசட் நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் ஓடுகிறது. அப்படியானால் 10 கிலோஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலை நாடாவில் 5 மைக்ரானுக்கும் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஐந்து பங்கு) குறைந்த இடத்தில் அடங்கிவிடுகிறது. குடத்தின் 'கும்' அப்படியல்ல, அதன் ஓர் அலை கிட்டத்தட்ட அரை மில்லிமீட்டர் நீளம். ஹெட் இம்மி சாய்ந்தாலும் குடத்துக்கு ஒன்றும் ஆகாது. மணி செத்துவிடும். நான் நான்கு வாரம் என் டெக்கைச் சரியான நிலையில், அதாவது டெக்குக்குச் சரியான நிலையில், வைத்துக்கொண்டு காத்திருந்தேன். தவறு அங்கேதான். மாமாவின் ரெக்கார்டரே சாய்ந்த ஹெட்டோடு பதிவு செய்திருக்கிறது. அந்தச் சாய்வுக்கு என் ஹெட்டும் சாய வேண்டும்.

பதிவு மோனோ, என் டெக் ஸ்டீரியோ. இடது, வலது இரண்டையும் ஒன்றாகக் கூட்டி ஹெட்போனில் கேட்டபடியே திருப்புவதுதான் வழி. சாய்வு பொருந்தாதபோது இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொள்கின்றன, பொருந்தியதும் உச்சம் திறக்கிறது. ஆனால் எடுத்த எடுப்பிலேயே மணியைப் பிடிக்கப் போகாதீர்கள். போலிப் பொருத்தம் ஒன்று உண்டு, மணி பளிச்சென்று கேட்கும், குரலின் வல்லினங்கள் மட்டும் மழுங்கியே இருக்கும். அதில் இரண்டு இரவுகள் போயின. முதலில் அண்ணாவியின் 'ச்ச', 'ட்ட' கூர்மையாகும் இடம்வரை வாருங்கள், பிறகு மணிக்காக மயிரிழை நகர்த்துங்கள். காந்தமேறாத ஸ்குரூடிரைவர் கட்டாயம். பொருந்திய இடத்தில் ஸ்குரூவின் தலையில் நகப்பூச்சால் ஒரு நீலப் புள்ளி வைத்திருக்கிறேன்.

மற்ற வேலைகள் வழக்கம்போலத்தான். நாடாவை ஹெட்டோடு அழுத்தும் பஞ்சு உதிர்ந்துபோயிருந்ததால் நாடாவை வேறு கூட்டுக்கு மாற்றினேன். ஐந்து ஸ்குரூ வைத்த கூடுகள் இப்போது பழைய பொருள் கடைகளில் அருகிவருகின்றன, ஒட்டிய கூடுகளே குவிந்து கிடக்கின்றன. பார்த்தால் உள்ளே என்ன பாட்டு என்று யோசிக்காமல் வாங்கி வையுங்கள். கணினிப் பதிவு 24 பிட், மாதிரி வீதம் 96 கிலோஹெர்ட்ஸ், ஒரு பக்கம் ஒன்றரை ஜிபி. ஒலி ஆவணக் காப்பகங்களின் சர்வதேச அமைப்பான ஐயாசாவின் (IASA) வழிகாட்டுதலில் குறைந்தபட்சம் 48 கிலோஹெர்ட்ஸ் என்றிருக்கிறது. நான் குறைக்கப்போவதில்லை.

முதல் பக்கத்தின் கடைசிப் பதினோரு நிமிடம் வேறு கதை. அங்கே எல்லோர் சுருதியும் மெல்ல ஏறுகிறது. ஆவேசம் என்றே முதலில் நினைத்தேன். குடமும் சேர்ந்து ஏறுகிறது என்பதைக் கவனித்த பிறகுதான் புரிந்தது: மண் குடத்துக்கு ஆவேசம் வராது. பாட்டரி இறங்கி ரெக்கார்டர் மெதுவாக ஓடியிருக்கிறது, இப்போது நேர் வேகத்தில் ஓட்டும்போது எல்லாம் விரைகிறது. குடத்தின் ஒலி தொடக்கத்தில் 98 ஹெர்ட்ஸ், முடிவில் 103. குடத்தையே சுருதிப்பெட்டியாக வைத்து நிமிடத்துக்கு நிமிடம் வேகத்தை இறக்கி வருகிறேன். குடத்தை அடிக்கும் பத்தை அதன் வாயில் முழுதாக விழும் அடிகளை மட்டும் அளக்க வேண்டும், ஓரத்தில் விழுந்தால் எண் மாறுகிறது. இதெல்லாம் நகலில்தான். நாடாவிலிருந்து எடுத்த முதல் பதிவை யாரும் தொட மாட்டார்கள், நான் உட்பட.

இதற்கிடையே மாமா இன்னொரு கேசட்டைத் தேடி எடுத்துவிட்டார்: கணியான் கூத்து என்ற கோவில் கூத்து, அதே கோவில். அதில் மணி கிடையாது, உச்சம், மந்தம் என்று இரண்டு மகுடங்கள் (தோல் பறைகள்) தான். எந்த ஒலியை வைத்து ஹெட்டைத் திருப்புவது என்று இப்போதே யோசனை ஓடுகிறது. ஆட்டக்காரர்களின் சலங்கை கைகொடுக்கும் என்று நம்புகிறேன். அது சி-120 வேறு. வெறும் 9 மைக்ரான் நாடா, வேகமாகச் சுற்றவே கை நடுங்குகிறது.

ஆனால் முதலில் இதன் இரண்டாம் பக்கம். கேசட்டைத் திருப்பிப் போட்டதும் நீலப் புள்ளியில் மணிகள் மறுபடி மங்கிவிட்டன. நேற்று இரவு குரல்வரை வந்துவிட்டேன். இந்தப் பக்கத்துக்கான சிவப்புப் புள்ளியை இன்னும் வைக்கவில்லை.