வெங்காயம் உரிக்கும் டிரம்

கிரைண்டருக்கு பெல்ட் மாற்றப் போனேன். பட்டறைப் பையன் பழைய மோட்டார் ஒன்றில் பிளாஸ்டிக் டிரம்மை மாட்டிக்கொண்டிருந்தான். உள்ளே வரிசையாக சைக்கிள் டயர்த் துண்டுகள்.

"சின்ன வெங்காயம் உரிக்கிறதுக்குண்ணா."

சுவிட்சைப் போட்டான். பாதி உரிந்தது, மீதி நசுங்கியது. கடையே மணத்தது. எனக்குக் கண்ணீர் வேறு.

முதலாளி திட்டுவார் என்று நினைத்தேன். நசுங்கிய ஒன்றை எடுத்துப் பார்த்தார். "ரப்பர் கெட்டியா இருக்குதுடா. டியூப்ப வெட்டிப் போட்டுப் பாரு. மோட்டார் போனாப் போகுது."

கோவைக்கு இது புதிதில்லை. 1937லேயே ஜி.டி.நாயுடுவும் பாலசுந்தரமும் மின்மோட்டார் செய்த ஊர். ஆனால் மலிவு விலை நாப்கின் இயந்திரம் செய்த முருகானந்தத்தை இதே ஊர்தான் பைத்தியம் என்றது. பத்மஸ்ரீ வந்தது 2016இல். அதற்கப்புறம் எல்லோரும் பாராட்டினோம், சரி. அவர் பஞ்சோடு தனியாக மல்லுக்கட்டிய வருடங்களில் "மெஷின் போனாப் போகுது" என்று சொல்ல எத்தனை பேர் இருந்தார்கள்?

நம் வீடுகளில் ரேடியோவைக் கழற்றிய பிள்ளைக்கு அடிதானே விழுந்தது. எனக்கு விழுந்தது.

பெல்ட்டுக்குக் காசு கொடுத்துக் கிளம்பினேன். நசுங்கிய வெங்காயத்தை ஒரு கவரில் கட்டி, "சாம்பாருக்கு ஆகும்ணா" என்று கையில் கொடுத்துவிட்டான்.